நம் பிள்ளைகளுக்கு இரட்டைப் பட்டம் எட்டாக்கனியா?

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தோழர்களுக்கும், கணக்கு எழுதும் தோழர்களுக்கும் வியாபாரம் புதிதல்ல. எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் விலை ஏறும், யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த அறிவுக்குப் பட்டம் இல்லை. பட்டம் உள்ளவர் மேஜைக்கு அந்தப் பக்கம் அமர்கிறார். நாம் இந்தப் பக்கம் நிற்கிறோம். நம் பிள்ளைகளும் நிற்கத்தான் வேண்டுமா?

வணிகத்தோடு இன்னொரு துறையையும் சேர்த்துப் படிக்க இன்று இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, ஒரே இடத்தில் ஐந்தாண்டுப் படிப்பு. இந்தூரில் உள்ள ஐ.ஐ.எம். 2011-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இதைத் தொடங்கியது. சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ.வும் சட்டமும் சேர்ந்த படிப்பு உண்டு. தனித்தனியே படித்தால் ஆறு ஆண்டுகள். சேர்த்துப் படித்தால் ஐந்து. கூலி வீட்டில் ஓராண்டு மிச்சம் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் ஐ.ஐ.எம். கட்டணம் பல இலட்சம். வங்கிக் கடன் இன்றி அந்த வாசலை மிதிக்க இயலாது.

இரண்டாவது வழியே நம்மவர்க்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. பகலில் ஒரு கல்லூரிப் படிப்பு. அதே காலத்தில் தொலைநிலையில் பி.காம். அல்லது பி.பி.ஏ. ஒரே நேரத்தில் இரு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதித்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வட்டார மையம் நம் நகரிலேயே இருக்கிறது. எனினும் எச்சரிக்கை தேவை. சட்டம், பொறியியல், நர்சிங் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதியில்லை. அப்படி விற்கும் ஏஜெண்டிடம் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். அந்தப் பாடத்துக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இனி விண்ணப்பத்தின் உண்மையான முள்ளுக்கு வருவோம். நம் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். மதிப்பெண் இருந்தது. தந்தை இருபது ஆண்டுகளாக இந்த நகரத்தில் உழைப்பவர். “சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுடையது, இங்கே செல்லாது” என்று சொல்லிவிட்டார்கள். சீட்டு இருக்கிறது, ஆனால் வேறு வண்டிக்கு என்று பயணியை இறக்கிவிடுவது போல!

இது ஏதோ ஒரு குமாஸ்தாவின் பிடிவாதம் அல்ல. ஆந்திராவிலிருந்து பம்பாய்க்கு வேலையாக வந்தவரின் மகன் மருத்துவப் படிப்புக்கு உரிமை கேட்ட வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இப்படித்தான் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியும் பழங்குடியும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனிப் பட்டியல்; குடிபெயர்ந்தவருக்குப் புதிய மாநிலத்தின் சலுகை இல்லை. ஆகவே 1950-க்கு முன்பே குடும்பம் இங்கிருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். தோட்டத்திலும் லைன் வீட்டிலும் வாழ்ந்த பாட்டனிடம் பட்டாவா இருந்திருக்கும்?

ஆனாலும் ஒன்றை மறவாதீர்கள். மத்திய அரசு நிறுவனங்களில், தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழின் அடிப்படையில் அந்த உரிமை நீடிக்கிறது. தமிழ்நாட்டு இடங்களுக்கும் அப்படியே. தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்து வாய்ப்பை இழந்தவர்கள் நம்மிலேயே உண்டு.

எனவே பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திராதீர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே தந்தையின் சாதிச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடி எடுத்துச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். விண்ணப்பம் நிரப்ப நாங்கள் உடன் உட்காருகிறோம்.

கேரள அரசுக்கும் நம் கோரிக்கை ஒன்று உண்டு. இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே படித்த பிள்ளையிடம் பாட்டனின் பட்டாவைக் கேட்காதீர்கள். உழைப்பை ஏற்றுக்கொண்ட மாநிலம், உழைப்பவனின் பிள்ளையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை நாம் ஓயப்போவதில்லை.