கட்டடத்தைப் பார்க்காதே, பாதையைப் பார்!

சிலாங்கூர் மாநிலத்தின் பெட்டாலிங் மாவட்டம் நாட்டிலேயே அதிகமான மக்கள் வாழும் மாவட்டமாகும். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, பூச்சோங், ஷா ஆலாமின் பெரும்பகுதி ஆகியவை இதில் அடங்கும். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஒரு காலத்தில் இப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்திருந்தன. கோலாலம்பூரின் புறநகராக வளர்ந்த பிறகு, அதே நிலத்தில் பாலர்பள்ளி முதல் முனைவர் பட்டம் வரை படிப்பதற்கு இடமுண்டு.

இந்த மாற்றத்தின் தடயங்களை இன்றும் காணலாம். சீபோர்ட், எஃபிங்காம், காசல்ஃபீல்ட் ஆகிய தமிழ்ப்பள்ளிகள் மறைந்துபோன தோட்டங்களின் பெயர்களை இன்னும் தாங்கி நிற்கின்றன. ஈயம் தோண்டிய நிலத்தில் உருவான பண்டார் சன்வேயில் இப்போது சன்வே பல்கலைக்கழகமும் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் இருக்கின்றன. அவற்றிலிருந்து சற்றுத் தொலைவில் டெய்லர்ஸ் பல்கலைக்கழகம் உள்ளது. ஷா ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமும், சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் ஷா பல்தொழில்நுட்பக் கல்லூரியும் அமைந்துள்ளன. மாவட்டத்தின் எல்லையை ஒட்டி மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இத்தனை கல்விக்கூடங்கள் அருகில் இருக்கும்போது, இங்குள்ள மாணவர்களுக்கு உயர்கல்வி எளிதில் கிட்டும் என்று நாம் எண்ணலாம். ஆனால், அருகில் இருப்பவை எல்லாம் எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை. சிலவற்றில் சேர உயர்ந்த தேர்ச்சி வேண்டும். சிலவற்றில் சேர நிறையப் பணம் வேண்டும். சிலவற்றுக்குத் தனிச் சேர்க்கை விதிகள் உண்டு. இந்த வேறுபாடுகளை அறியாத மாணவர்கள், எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையையோ நண்பர்களின் முடிவையோ பின்பற்றுகிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். உயர்கல்வியில் அப்படிக் காலை விட்டால், குடும்பத்தின் சேமிப்பும் இளமையின் சில ஆண்டுகளும் வீணாகிவிடும்.

அரசாங்கக் கல்விக்கூடம் நல்லதா, தனியார் கல்விக்கூடம் நல்லதா என்ற வாதம் நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. என் கருத்தில், இது தவறான கேள்வி. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்காத பல்லாயிரம் மாணவர்கள் தனியார் கல்லூரிகளின் வழியாகவே பட்டம் பெற்றுள்ளனர். 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டம் இத்துறையின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. 1998இல் மோனாஷ், நாட்டின் முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தைத் திறந்தது. ஆகவே, தனியார் துறையின் பங்கை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. அதே வேளையில், உயர்ந்த கட்டணம் உயர்ந்த கல்விக்கு உறுதி என்று நம்புவதும் சரியன்று. எந்த நிலையமாக இருந்தாலும், சேர்வதற்கு முன் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, இந்தப் படிப்பு அங்கீகரிக்கப்பட்டதா? நிலையத்தின் பெயர் புகழ்பெற்றிருந்தால் மட்டும் போதாது. நாம் சேரவிருக்கும் அந்தப் படிப்புக்கே அங்கீகாரம் இருக்க வேண்டும். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மை, அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கிறது. எவரும் அதை இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற துறைகளுக்கு அந்தந்தத் தொழில்முறை வாரியங்களின் ஏற்பும் தேவைப்படும். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் கையொப்பமிடுவது பெரும் கவனக்குறைவாகும்.

இரண்டாவது, படித்து முடிக்கும் வரை மொத்தச் செலவு எவ்வளவு? விளம்பரத்தில் காணப்படும் தொகை பெரும்பாலும் முழுச் செலவாக இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு மூன்றாண்டுப் படிப்பின் கட்டணம் 60,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். தங்குமிடம், உணவு, பயணம் ஆகியவற்றுக்கு மாதம் 1,000 ரிங்கிட் செலவானால், மூன்று ஆண்டுகளில் மேலும் 36,000 ரிங்கிட் ஆகும். மொத்தம் 96,000 ரிங்கிட்! அதே மாணவர் வீட்டிலிருந்தே பேருந்திலோ எல்.ஆர்.டி.யிலோ சென்று வர முடிந்தால், இந்தத் தொகை பெருமளவு குறையும். புறநகரில் வாழ்வதன் உண்மையான பயன் இதுவே. பி.டி.பி.டி.என். கடனுதவி பலருக்குக் கைகொடுக்கிறது என்பது உண்மைதான். எனினும், அது முழுக் கட்டணத்தையும் எப்போதும் ஈடுசெய்வதில்லை. மேலும், அது பரிசன்று. வேலைக்குச் சென்றபின் நாமே திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.

மூன்றாவது, இந்தப் படிப்பு என்னை எங்கே கொண்டு செல்லும்? பதினேழு வயதில் எடுத்த முடிவு பத்தொன்பது வயதில் மாறக்கூடும். அப்போது, பெற்ற சான்றிதழைக் கொண்டு வேறு நிலையத்திலோ வேறு துறையிலோ சேர முடியுமா என்பது முக்கியம். தனியார் பல்கலைக்கழகங்களின் அடித்தளப் படிப்பு ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால், அவற்றுள் சில அந்தப் பல்கலைக்கழகத்திற்குள் நுழைவதற்கு மட்டுமே பெரிதும் உதவும்.

இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், பலர் ஒதுக்கிவைக்கும் ஒரு வழி நம் கண்ணில் படும். அதுவே ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம். தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. ஆகவே, அதன் மதிப்பைப் பற்றி ஐயமில்லை. மூன்று பருவங்களைக் கொண்ட இப்படிப்பு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முடிகிறது. செலவோ மிகக் குறைவு. இச்சான்றிதழைக் கொண்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும், தனியார் பல்கலைக்கழகங்களுக்கும், பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழையும் ஒரு பாடமாகப் படிக்கலாம்.

“மீண்டும் பள்ளியா?” என்று சில மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நண்பர்கள் கல்லூரியில் உலவும்போது தாம் மட்டும் பள்ளி வளாகத்தில் இருப்பதைத் தாழ்வாக எண்ணுகிறார்கள். எஸ்.டி.பி.எம். கடினமானது என்றும் அஞ்சுகிறார்கள். அது கடினமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பட்டப்படிப்பும் எளிதானதன்று. தானே நூலகத்தில் தேடிப் படிக்கவும், நீண்ட கட்டுரைகள் எழுதவும் ஆறாம் படிவத்திலேயே பழகியவருக்குப் பல்கலைக்கழகம் அச்சம் தராது.

ஆறாம் படிவம் எல்லாருக்கும் ஏற்றது என்று நான் கூறவில்லை. கைத்திறனில் ஆர்வம் மிக்கவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா படிக்கலாம். மனிதவள அமைச்சின் கீழ் ஷா ஆலாமில் இயங்கும் அட்டெக் போன்ற பயிற்சி நிலையங்களில் தொழில்நுட்பம் கற்கலாம். இயந்திரம் பழுதுபார்ப்பவரையும் மின்னியல் வல்லுநரையும் தாழ்வாகப் பார்க்கும் பழக்கத்தை நம் சமூகம் விட்டொழிக்க வேண்டும். குறிப்பிட்ட துறை ஒன்றில் உறுதியான விருப்பமும் போதிய வசதியும் உபகாரச் சம்பளமும் உள்ளவருக்குத் தனியார் பல்கலைக்கழகம் பொருத்தமாக அமையலாம்.

இந்தத் தேர்வை மாணவரின் தோளில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது. பள்ளிகள், எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு அல்லாமல், நான்காம் படிவத்திலேயே இவ்வழிகளை விளக்க வேண்டும். பெற்றோர், உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை விடுத்துத் தம் பிள்ளையின் திறமையையும் குடும்பத்தின் வசதியையும் கணக்கிட வேண்டும். அருகிலுள்ள பல்கலைக்கழகங்களும் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்களை அழைத்துத் தம் நூலகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் காட்டலாம். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவரும் அங்குத் தயக்கமின்றி நுழைய வேண்டும்.

மாணவர்களே, பளபளக்கும் கட்டடம் உங்களுக்காகப் படிக்கப் போவதில்லை. அங்கீகாரத்தைச் சரிபாருங்கள், மொத்தச் செலவைத் தாளில் எழுதிக் கூட்டுங்கள், படிப்பு முடிந்தபின் திறக்கும் வழிகளை எண்ணுங்கள். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு, அரசாங்க நிலையமாக இருந்தாலும் தனியார் நிலையமாக இருந்தாலும், உங்கள் சொந்த முடிவாக இருக்கும்.