இணையத்தில் ஏற்றினால் போதுமா?

இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். வயசானவன் புலம்பல் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

எங்கள் தெருப் பையன்கள் சிலர் ஆம்பூரில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் கட்டற்ற மென்பொருள் வகுப்பு நடத்தினார்கள். லினக்ஸ் நிறுவுவது, பைத்தான் எழுதுவது, எல்லாம் தமிழில். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரிசையில் நானும். ஒரு வாரம், தோல் ஷாப்பில் நாற்பது வருஷம் உழைத்த பெரியவர் ஒருவரை அழைத்து, விக்சனரிக்காகத் தொழில் வார்த்தைகளைச் சொல்லச் சொன்னார்கள். ஆவாரம்பட்டையில் தோலை ஊறவைத்த காலம் தொடங்கி குரோம் வந்த காலம் வரை மூன்று மணி நேரம் பேசினார்.

அத்தனையையும் ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினார்கள். ஒரு நாள் காலையில் அந்தக் கணக்கு முடங்கிவிட்டது. காரணம் சொல்ல ஆளில்லை. "மூலப் பதிவு எங்கேப்பா?" என்றேன். "நெட்ல ஏத்திட்டோமே சார், போன்ல இடமில்லன்னு அழிச்சிட்டோம்" என்றான் ஒருவன். அந்தப் பெரியவர் இப்போது உயிரோடு இல்லை.

தளத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. வாடகை கொடுக்காமல் குடியிருந்தவன் நோட்டீஸ் கேட்க முடியுமா? கோபம் நம் ஆட்கள் மேல்தான். நம் கணினி நம் கையில் இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்துவிட்டு, அந்த வகுப்பின் ஒரே பிரதியை அடுத்தவன் பெட்டியில் வைத்துச் சாவியையும் அவனிடமே கொடுப்பது என்ன நியாயம்?

நான் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். எங்கள் ஆபீஸில் கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவோம். எல்.டிஸ். என்றால் 1 வருஷம், கே.டிஸ். 3, டி.டிஸ். 10, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். ரெக்கார்டு ரூமில் கரையான் அரித்ததும் உண்டு. ஆனால் எது போயிற்று என்று பதிவேடு சொல்லும். இந்தப் பையன்களிடம் போனவற்றின் பட்டியல்கூட இல்லை.

இது புதுக்கதையும் இல்லை. மரத்தடி, ராயர் காபி கிளப் என்று தமிழர்கள் கூடிப் பேசியது யாகூ குரூப்ஸில். பழைய பதிவுகளை நீக்கப்போவதாக 2019இல் யாகூ அறிவித்தது, நீக்கவும் செய்தது. பிரதி எடுத்து வைத்தவர்களிடம் மட்டுமே மிச்சம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஒரே பிரதி என்பது பிரதியே இல்லாததற்குச் சமம் என்று நமக்கு இன்னொரு முறை யார் சொல்லித்தர வேண்டும்? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தார் அதைப் புரிந்துகொண்டுதான் ஈழத்து எழுத்துகளை எண்ணிமமாக்கி வருகிறார்கள்.

"வீடியோ பெரிசு சார், எங்கே வைப்பது?" என்கிறார்கள். கணக்குப் போடுவோம். விநாடிக்கு 5 மெகாபிட் வீதம் ஒரு மணி நேர வீடியோ சுமார் 2.25 ஜிபி. 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 850 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பேச்சு மட்டும் போதுமென்றால், ஓபஸ் என்ற கட்டற்ற வடிவில் விநாடிக்கு 32 கிலோபிட் வீதம் ஒரு மணி நேரம் 15 எம்பிகூட வராது. நூறு வகுப்பு ஒரு பென் டிரைவில் அடங்கும்.

"பார்க்கிற ஜனம் அங்கேதானே இருக்கிறது?" என்பார்கள். சரி, கடையை பஜாரில் வையுங்கள். ஆனால் வீட்டுப் பத்திரத்தைக் கடை வாசலில் தொங்கவிடாதீர்கள். நிரல் வைக்கும் கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அது இதற்கான இடமுமில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. லாபநோக்கமற்றது, 1996 முதல் இயங்குவது, ஏற்றியதற்கு டாரன்ட்டும் செய்து தரும். அதுவும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கியது. ஆகவே அதை மட்டும் நம்பவும் கூடாது. விக்கிமீடியா காமன்ஸில் கட்டற்ற உரிமமும் கட்டற்ற வடிவமும் வேண்டும். எம்பி4 செல்லாது, வெப்எம் செல்லும்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இன்னொன்றில் தனிப் பெருமை. பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் என்ற சங்கம் பியர்டியூப் என்று ஒரு மென்பொருளை வளர்க்கிறது. நம் சர்வரில் நாமே காணொளித் தளம் நடத்தலாம். பல தளங்கள் ஒன்றோடொன்று இணையலாம். பார்ப்பவர்களின் கணினிகளும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். சர்வர் செலவு உண்டு, பராமரிக்க ஆளும் வேண்டும். ஒரு ஊர்க் குழுவுக்குச் சுமைதான். வேலூர், விழுப்புரம், புதுச்சேரி, சென்னை எனப் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் சுமையா?

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "பேச்சு பறந்துவிடும், எழுத்து நிற்கும்." இன்று பேச்சையும் நிறுத்தி வைக்க முடியும். நிறுத்தாமல் விட்டால் அது நம் சோம்பல்.

இந்த ஊரில் தோலை உரித்த கையோடு உப்புப் போடுவார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாறிவிடும். பதிவு முடிந்த அன்றே மூன்று பிரதி எடுங்கள், ஒன்று வெளியூரில் இருக்கட்டும். தேதி, பேசியவர், பொருள், உரிமம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என் பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். கொண்டுவந்து கொடுங்கள், ஆர்.டிஸ். போட்டு வைக்கிறேன்.