தம்பலகாமத்துப் பிள்ளைகளின் ஓடுகளம்

தைப்பொங்கல் கழிந்து மழையும் ஓய்ந்துவிட்டால் ஈழத்துப் பாடசாலைகள் தோறும் புல் செதுக்கும் ஒலி கேட்கும். சுண்ணாம்புக் கோடுகள் இழுக்கப்படும்; இல்லங்கள் ஓலையாலும் வண்ணத் தாள்களாலும் அலங்கரிக்கப்படும். மெய்வல்லுநர் போட்டி என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோம். ஊரவர்க்கோ அது கோயில் கொடியேற்றத்துக்கு அடுத்த திருவிழா. வென்ற பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு தேநீர்க் கோப்பையாகவோ சவர்க்காரப் பெட்டியாகவோ இருக்கலாம். ஆயினும் அதை எடுத்துக்கொண்டு அவன் வீடு திரும்பும் நடையைக் கண்டவர்கள் பரிசின் பெறுமதி பற்றிப் பேசமாட்டார்கள்.

இத்திருவிழாவைத் தம்பலகாமம் போன்ற வயலூர்களில் நடத்துவதற்கு ஆசிரியர்கள் படும் பாட்டைக் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை அனுப்புவோர் அறிவார்களா என்பதே நமது ஐயம். வடகீழ்ப் பருவமழை மார்கழியில் வயலையும் மைதானத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. நீர் வடிந்து மண் இறுகுமுன்னரே முதலாந் தவணைப் போட்டிகள் தொடங்கிவிடுகின்றன. அதே நாட்களில் பெரும்போக அறுவடையும் வந்து சேர்கிறது. தந்தைக்குச் சோறு கொண்டு போகும் பிள்ளை மாலைப் பயிற்சிக்கு வருவதெங்ஙனம்? நகரத்தில் மக்கெய்சர் விளையாட்டரங்கு உண்டு. கிராமத்துப் பிள்ளைக்கு இருப்பது வாய்க்கால் வரம்பே.

தம்பலகாமம் நேற்றுத் தோன்றிய ஊரன்று. 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணேசர் கோயிலைத் தகர்த்தபின், மறைத்துக் காக்கப்பட்ட திருமேனிகளுக்கு இருப்பிடம் தந்த ஊர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆதிகோணேசர் ஆலயம் அதன் சாட்சி. கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளையும் வயல்களும், ஒரு காலத்தில் முத்துச்சிப்பிக்குப் பேர் பெற்றிருந்த குடாக்கடலும் இவ்வூருக்கு வளம் சேர்த்தன. இத்துணை வளமிருந்தும் உயர்தரக் கல்வி வேண்டிய பிள்ளை பதினைந்து மைல் தொலைவிலுள்ள திருகோணமலைக்கே செல்ல வேண்டியிருந்தது. அங்கே புனித சூசையப்பர் கல்லூரி இருந்தது. இருபதுகளில் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்க, சுவாமி விபுலானந்தரின் கைபட்டு வளர்ந்த இந்துக் கல்லூரியும் இருந்தது. 1927இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. ஆனால் வண்டிக்கூலியும் விடுதிச் செலவும் எத்தனை கமக்காரருக்கு எட்டும்?

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் அந்த வாயிலைத் திறந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு மாறின. இம்மாற்றத்தின் நன்மையை மறுப்போம் அல்லோம். ஆசிரியருக்குச் சம்பளம் உறுதியாயிற்று. கிராமங்களில் மகா வித்தியாலயங்கள் எழுந்தன. ஆதிகோணேசரின் பெயரையே தாங்கிய மகா வித்தியாலயம் இன்று தம்பலகாமத்தின் பெருமையாக நிற்கிறது. ஆனால் மாலை வேளையில் மைதானத்தோரம் நின்று, எந்தப் பிள்ளை ஓடுகிறான், எவன் ஓடவில்லை என்று பார்த்த முகாமையாளரின் கண் அரசாங்கக் கோவைக்கு இல்லாமற் போயிற்று. உடைந்த கூரையைக் கோவை காணும். ஓடத் தெரிந்த காலை அது காணாது.

விளையாட்டு வயிற்றை நிரப்புமா என்று கேட்கும் பெற்றோர் உளர். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலும் உயர்தரப் பெறுபேறும் அல்லாமல் ஏழைப் பிள்ளைக்கு வேறு ஏணி இந்நாட்டில் வைக்கப்படவில்லை. எனினும் ஒன்றைக் கூறுவோம். 1958ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாக்களின் முதலாவது தங்கத்தைத் தேடித்தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். பாயக் கற்றதனால் அவருடைய படிப்புக் கெட்டுப்போகவில்லை. அமெரிக்காவிற் பயின்று கலாநிதிப் பட்டமும் பெற்றார். 2024இல் அவர் மறைந்தபோது தமிழரோடு சிங்களவரும் அவரை நன்றியுடன் நினைவு கூர்ந்தனர். 1956இன் மொழிச் சட்டமும் 1958 மே மாதக் கலவரமும் பிளந்த நாட்டுக்கு, அதே மே மாதத்திலே தங்கம் கொண்டு வந்த தமிழன் அவர்.

அது பழங்கதை என்பார்க்கு அண்மைக் கதையொன்றும் உண்டு. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கிய தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி, 1990இல் போரினால் தன் இடத்தைவிட்டு அகன்று பல்லாண்டு அலைந்தது. அக்கல்லூரியின் மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மீண்டும் மீண்டும் புதுப்பித்தார். கோலூன்றிப் பாய்தல் வெறுங்காலோடு பழகக்கூடிய விளையாட்டன்று. தக்க கோல் வேண்டும், விழுவதற்கு மெத்தை வேண்டும், நாள்தோறும் உடன் நிற்கும் பயிற்றுநர் வேண்டும். இவை மூன்றும் ஒரு கிராமப்புறப் பாடசாலையிற் கூடியபோது நாட்டின் சாதனையே பெயர்ந்தது. திருமலை மாவட்டத்து வயலூர்களில் இவை கூடாதிருப்பதற்குப் பிள்ளைகளின் கால்கள் காரணமல்ல.

இன்னொரு துயரமும் உண்டு. அதைச் சொல்லாது விட மனம் ஒப்பவில்லை. போராண்டுகளில் இம்மாவட்டத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளின் சேர்விடாப்புகளும் சம்பவத் திரட்டுகளும் என்ன கதியாயின? எந்த ஆண்டு எந்த இல்லம் வென்றது, அஞ்சலோட்டத்தில் யார் யார் ஓடினர் என்பவை சிறு செய்திகளே. ஆயின் அவற்றிலேதான் ஓர் ஊரின் பிள்ளைகள் பிள்ளைகளாக இருந்ததற்கான சான்று கிடக்கிறது. 1998 பெப்ரவரி 1ஆம் நாள், இல்லப் போட்டிகளுக்குரிய அதே பருவத்தில், தம்பலகாமம் பாரதிபுரத்தில் 8 தமிழர் கொல்லப்பட்டனர். அவருட் பள்ளிப் பருவத்தினரும் இருந்தனர். அவ்வயதுப் பிள்ளைகளின் பெயர் ஓட்டப்பட்டியலில் அல்லாமல் மரணப்பட்டியலில் ஏறியதை வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது. பழைய மாணவர் சங்கத்தார் விழா மலர் வெளியிடுவது நன்றே. அதில் அமைச்சர்களின் ஆசிச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களிற் பாதியையேனும் முதிய மாணவரின் நினைவுகளுக்கு ஒதுக்குவார்களாக. (ஆசிச் செய்தியை எழுதியவரே வாசிப்பதில்லை என்பது நமது அநுபவம். பிரதம விருந்தினரின் நீண்ட உரைக்காகப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாய் நிற்பதும் இனி ஒழியட்டும்.)

தம்பலகாமப் பிரதேசத்திற் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். கோட்டப் போட்டியிலும் வலயப் போட்டியிலும் இவர்களின் பிள்ளைகள் ஒரே கோட்டில் நிற்கின்றனர். வெடி கேட்டதும் ஓடுகின்றனர். நூறு நல்லிணக்கக் கருத்தரங்குகளிற் காணாத காட்சி இது. பணமின்றிப் பேருந்து கிடையாமல் ஒரு பாடசாலை அப்போட்டிக்கு வராது நின்றுவிட்டால் அங்கே ஓர் ஓட்டம் மட்டுமா இழக்கப்படுகிறது?

யாரிடம் முறையிடுவது என்பதும் கேள்வியாகிவிட்டது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் பெரும்பாலான பாடசாலைகளை மாகாண சபையிடம் ஒப்படைத்தது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. மக்கள் தெரிந்த உறுப்பினன் இல்லாத சபையில் கிராமத்து மைதானத்துக்காகக் குரல் எழுப்புவார் யார்? மத்திய அமைச்சு மாகாணத்தைக் காட்டும். மாகாணம் நிதியின்மையைக் காட்டும். பிள்ளைகளுக்கு வயதோ காத்திருப்பதில்லை. பதினாறில் ஓட வேண்டியவன் இருபதில் ஓடிப் பயனென்ன?

நாம் கேட்பது விளையாட்டரங்கமன்று, செயற்கை ஓடுபாதையுமன்று. வயற்புறப் பாடசாலை மைதானங்களுக்கு மண் இட்டு மட்டஞ் செய்து, நீர் வடிய வாய்க்கால் வெட்டித் தர வேண்டும். பயிற்றப்பட்ட உடற்கல்வி ஆசிரியரை நியமித்து, நியமித்த மறு ஆண்டே நகரத்துக்கு இடமாற்றாதிருக்க வேண்டும். வலயப் போட்டிக்குப் பேருந்துச் செலவைப் பெற்றோரின் தலையிற் சுமத்தாதிருக்க வேண்டும். மண் வேலைக்கு வைகாசி முதல் ஆவணி வரை வறண்ட காலம் போதும். உழவு இயந்திரங்களும் உழைக்கும் கைகளும் ஊரிலேயே உண்டு. அநுமதியும் எரிபொருட் செலவும் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தாற் போதும். ஐப்பசி பிறந்தால் மழை வந்துவிடும்.