வளைந்த படியும் வீணாகும் பலகையும்

வளைவான மாடிப்படி கேட்டால் எமது தச்சர்கள் அகன்ற பலகையையே வளைவாக அறுத்துவிடுகின்றனர். மிச்சம் விறகுக்குப் போகிறது. நாரும் குறுக்கே அறுபடுவதால், முன்விளிம்பு மிதிபட்டு மிதிபட்டுப் பிளக்கிறது.

அந்த விளிம்பை மட்டும் 3 மில்லிமீற்றர்க் கீற்றுகளாகச் சீவி, பசை பூசி, அச்சில் இறுக்கி ஒரு நாள் காயவிட்டால் நார் வளைவோடேயே ஓடும். நடுப்பகுதிக்குச் சிறு பலகைகளே போதும். றைன் நதிக்கரையில் மிக்கேல் தொனெற் என்ற தச்சர் 1830களிலேயே கீற்றுகளைப் பசையில் அவித்து வளைத்து நாற்காலி செய்தார். புதுமை ஒன்றுமில்லை.

அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு சற்று நிமிரும். அச்சைக் கொஞ்சம் கூடுதலாகவே வளைக்கவேண்டும். வெள்ளைப் பசை (கடைக்காரர் முதலில் நீட்டுவது அதைத்தான்) நாளடைவில் இளகிக்கொடுக்கும். இப்பொக்சிப் பசையே நல்லது. எமது பயிற்சிப் பட்டறைகளில் இதைக் கற்பிக்காமல், மரம் விலையேறிவிட்டது என்று இளைஞரிடம் நாம் முறையிடுவது எந்த வகையில் நியாயம்? தேவைப்படுவது இருபது இறுக்கிகளும் ஓர் அச்சுமே.