பனிக்காலத்தில் ஒரு பிடி விதை

காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கை, எந்த ஊருக்குப் போனாலும் சும்மா இருக்காது. இங்கே டொராண்டோவில் பனிக்காலம் வந்தால், தோட்டம் உள்ள வீடுகளில் ‘ஃபீடர்’ ஒன்று தொங்குவதைப் பார்க்கலாம். பெரிய சாமான் ஒன்றுமில்லை. பறவைகளுக்கு விதை போட்டு வைக்கும் குழாய் அல்லது தட்டு, அவ்வளவுதான்.

டிசம்பரில் இங்கே பொழுது விடியவே ஏழே முக்கால் மணியாகும். மாலை ஐந்துக்குள் சூரியன் போய்விடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாத இளம் தாய்மார்கள், “அக்கா, நாலு சுவத்தையே பாத்துக்கிட்டு எத்தனை நாள்தான் இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து இந்த ஃபீடர்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றால் போதும், வேடிக்கைக்குப் பஞ்சமில்லை.

யார் யார் வருவார்கள்? செக்கச் செவேலென்று கொண்டையோடு வருவது ஆண் கார்டினல். அதன் ஜோடி மங்கிய பழுப்பு நிறம். அதிகாலையிலும் அந்தி மயங்கும்போதும்தான் அதிகம் வரும். மரத்தில் தலைகீழாக இறங்கி வருவது நட்ஹாச். பின்தலையில் சிவப்புப் பொட்டு இருந்தால் அது ஆண் டவுனி மரங்கொத்தி. தரையில் சிந்தியதைப் பொறுக்குவது ஜங்கோ. இவர்களோடு நம் முற்றத்துச் சிட்டுக்குருவியும் வரும்! 1851ல் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விட்ட குருவிகள், இன்று இந்தக் கண்டம் முழுக்கக் குடும்பம் நடத்துகின்றன.

ஆனால் என் செல்லம் சிக்கடீதான். கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடி, வெள்ளைக் கன்னம். எடை சுமார் ஒன்றரைப் பவுன். அம்மாடி, இந்த ஒன்றரைப் பவுன் உயிர் மைனஸ் இருபது டிகிரியில் பதினைந்து மணி நேர இரவை எப்படித் தாண்டுகிறது? பகலெல்லாம் தின்று சேர்த்த கொழுப்பை இரவில் எரிக்கிறது. அதுவும் போதாதென்று, பகலில் 42 டிகிரி இருக்கும் உடம்புச் சூட்டைச் சுமார் பத்து டிகிரி குறைத்துக்கொண்டு சிக்கனமாகத் தூங்குகிறது. விடிந்ததும் மறுபடி வயிற்றுக்குத் தேட வேண்டும். ஒரே விதையை எடுத்துக்கொண்டு அது ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றை மரப்பட்டை இடுக்கில் ஒளித்து வைத்து, இடத்தை ஞாபகம் வைத்து எடுக்கும். நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி!

நாம் வைக்கும் தீனியால் உண்மையில் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிக்கடீகளைக் கவனித்து 1988ல் வெளிவந்த ஆய்வில், ஃபீடர் கிடைத்தவற்றில் 69 சதவீதம் பனிக்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் 37 சதவீதம்தான். “அப்ப நாம ஊருக்குப் போனா அதுங்க கதி?” என்று பயப்பட வேண்டாம். ஃபீடருக்குப் பழகியவையும் அது இல்லாதபோது தாமே தேடிப் பிழைத்துக்கொள்கின்றன என்று அதே ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள்.

தீனி கிடைக்காவிட்டால் சமாளிக்கும் பறவை, அழுக்கு ஃபீடரைச் சமாளிக்காது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1994ல் வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய வீடுகளில், ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகள் கண் வீங்கி, பொருக்குத் தட்டி வந்தன. கோழிகளுக்கு வரும் கிருமி இவற்றுக்குத் தொற்றியிருந்தது. கண் தெரியாத பறவை பட்டினியில் சாகும், அல்லது பூனை வாயில் போகும். நோயுள்ளது கொத்திய இடத்தில் நல்லது வந்து கொத்தினாலே ஒட்டிக்கொள்ளும். இதை முதலில் கவனித்துச் சொன்னவர்கள், ஃபீடர் வைத்திருந்த சாதாரண வீட்டுக்காரர்கள்தான்.

ஆகவே சகோதரிகளே, இவற்றை மனதில் வையுங்கள்:

1. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபீடரைக் கழுவுங்கள். ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர். நன்றாக அலசி, ஈரமில்லாமல் காய்ந்த பிறகே விதை போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவ வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

2. நோயுள்ள பறவை ஒன்று வந்தாலும் ஃபீடரை இறக்கிக் கழுவி, இரண்டு வாரம் வெளியே வைக்காதீர்கள்.

3. கறுப்புச் சூரியகாந்தி விதை பெரும்பாலான பறவைகளுக்குப் பிடிக்கும். உப்பில்லாத நிலக்கடலையும் நல்லது. மீந்த ரொட்டி, மிக்சர், காராசேவு கூடவே கூடாது.

4. ஃபீடர் ஜன்னலிலிருந்து மூன்றடிக்குள் இருக்கட்டும், அல்லது முப்பதடிக்கு அப்பால். நடுத்தரத் தூரத்தில் வைத்தால், பறவை வேகமெடுத்து வந்து கண்ணாடியில் மோதிச் செத்துப்போகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக ஒட்டி வைப்பது இன்னும் பத்திரம்.

5. அடுக்குமாடியில் இருப்பவர்கள், பால்கனியில் ஃபீடர் வைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி போட்டோ. விலை உயர்ந்த காமிரா வேண்டாம், கைப்பேசி போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, துடைத்த கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நேராகப் பிடித்தால் நம் நிழல் விழாது. ஃபிளாஷ் வேண்டாம். ஃபீடர் பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையைக் கட்டி வையுங்கள். பறவை முதலில் கிளையில் உட்கார்ந்து நோட்டம் விட்டுத்தான் ஃபீடருக்குத் தாவும். வெறும் கிளையிலேயே குறி வைத்துக் காத்திருந்தால், வந்து உட்காரும் அந்த ஒரு நொடி கிடைத்துவிடும். வெண்பனி சூழ்ந்திருந்தால் படம் மங்கலாக விழும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பறவையின் கண் தெளிவாக விழுந்தால் படம் உயிரோடு இருக்கும்.

படம் அழகுக்கு மட்டுமல்ல. அரை நொடியில் பறந்துவிடும் பறவையின் கண் வீங்கியிருப்பது பார்வைக்குத் தப்பிவிடும், படத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். ஃபீடரை எப்போது இறக்குவது என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் எண்ணச் சொல்லுங்கள். இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் 1976ல் தொடங்கிய ஃபீடர் கணக்கெடுப்பு, 1987ல் அமெரிக்காவுக்கும் விரிந்து ‘ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ ஆயிற்று. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நடக்கிறது. ஒவ்வோர் இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும். வந்ததே திரும்பத் திரும்ப வரும் அல்லவா? 1970க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019ல் அறிவித்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு குழந்தை நோட்டில் எழுதும் ‘சிக்கடீ 4, ஜங்கோ 7’ விளையாட்டுக் கணக்கு இல்லை.

விதை வாங்க அதிகம் செலவில்லை. வாரம் விட்டு வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் ஃபீடர் கழுவ ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் தாராளமாக வையுங்கள். முடியாதென்றால் ஃபீடர் இல்லாத ஜன்னலே அந்தக் குருவிகளுக்கு நல்லது.