பாடிய பாட்டைப் பாடுவது

பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒரு பாட்டு, வேறொருவர் சாரீரத்தில், வேறு வாத்தியங்களின் துணையோடு, வேறொரு காலத்தின் வேகத்தில் மீண்டும் வந்து செவியில் விழும்போது, ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. பழைய பாட்டைக் கெடுத்துவிட்டார்களே என்று மூத்தவர்கள் மனம் நொந்துகொள்கிறார்கள். இந்தப் புதுப் பாட்டு வந்திராவிட்டால் அந்தப் பழைய பாட்டின் பேரைக்கூட நாங்கள் கேட்டிருக்க மாட்டோம் என்று இளையவர்கள் பதில் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூத்தவர்கள் தங்கள் வாலிபத்தின் மேலுள்ள பாசத்தையும், இளையவர்கள் புதுமையின் மேலுள்ள ஆசையையும் பேசி முடிப்பதற்குள், பாட்டைப் பற்றிப் பேச வேண்டிய பேச்சு பேசப்படாமலே நின்றுபோகிறது. மறுபடி பாடப்பட்ட பாட்டு முதற்பாட்டை எவ்வளவு ஒத்திருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து பார்ப்பது வீண் பிரயாசை என்பது என் அபிப்பிராயம். பாடுகிறவர் அந்தச் சாகித்தியம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டு, தம் உள்ளத்தில் உள்ளதைச் சொல்வதற்காக அதைப் பாடினாரா, அல்லது அதன் கீர்த்தியைச் சிறிது நேரம் இரவல் வாங்கிக்கொள்வதற்காகப் பாடினாரா என்று மட்டுமே கேட்க வேண்டும்.

கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்தது 1847-இல். எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் யந்திரத்தைக் கண்டுபிடித்தது 1877-இல். அந்த மகானின் கிருதிகள் அவர் குரலில் எப்படி ஒலித்தன என்பதை அறிந்தவர் இன்று ஒருவருமில்லை. உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்று கிளைத்த சிஷ்ய பரம்பரைகளின் வழியே, சங்கதிகள் கூடியும் குறைந்தும், பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வேறுபட்டே அவை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணாசலக் கவிராயருடைய இராம நாடகக் கீர்த்தனைகளிலோ, பல பாட்டுகள் இன்று பிற்கால வித்வான்கள் அமைத்த ராகங்களிலேயே பாடப்படுகின்றன. அதனால் கவிராயருக்குக் குறை நேர்ந்ததாக எவரும் எண்ணியதில்லை. மார்கழி மாதத்தில் ஒரே கிருதியை இரண்டு சபைகளில் இரண்டு வித்வான்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பும் ரசிகர், ஒருவர் மற்றவரிடமிருந்து திருடிவிட்டார் என்று சொல்வதில்லை. எவரிடம் பாவம் மிகுந்திருந்தது, எவர் அவசரப்பட்டார் என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு போகிறார். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக மறுபாடல் கேட்டே வளர்ந்த செவி நம்முடையது.

அப்படியானால் சினிமாப் பாட்டு என்று வந்தவுடன் நாம் ஏன் இவ்வளவு பொறுமை இழக்கிறோம்? அதற்கு ஒரு காரணம் உண்டு. கிருதியை இயற்றியவர் அதைப் பாடப்போகிறவருக்கென்று இடம் விட்டு வைக்கிறார். நிரவலும் ஸ்வரமும் பாடுகிறவரின் சொந்தச் சம்பாத்தியம். திரைப்பாட்டோ, இன்னாருடைய குரலுக்கு, இன்ன வயலின் கூட்டத்துக்கு, மூன்று நான்கு நிமிஷ அளவுக்கு என்று இழைத்து இழைத்துச் செய்யப்பட்டது. அந்த ஒலிப்பதிவே அந்தப் பாட்டின் மூல ஏடு. ஆகவே திரைப்பாட்டை மறுபடி பாடுவது கிருதியை மறுபடி பாடுவதைவிட மிகக் கடினமான காரியம். இதை உணராமல் அதை எளிய காரியமாக எண்ணியதுதான், 2003-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கித் தமிழ்த் திரையுலகில் சில ஆண்டுகள் அடித்த ரீமிக்ஸ் அலையின் பிழை.

1970-இல் வந்த ‘சொர்க்கம்’ படத்துக்காக எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு அட்சரமும் தெளிவாக விழ, செல்வம் வந்து சேர்ந்தவனுடைய பெருமிதம் முழுவதையும் அந்தக் கம்பீரமான சாரீரம் தாங்கி நிற்கிறது. வாத்தியங்கள் அத்தனை ஆரவாரம் செய்தும், பாடுகிறவருக்கு வழிவிட்டே செல்கின்றன. 2007-இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் அதே பாட்டைக் கொண்டுவந்தபோது, தாளம் பலத்தது, இடையிடையே ராப் புகுந்தது, சாரீரம் பின்னுக்குச் சென்றது. ரகுமானுடைய மேதையில் எனக்குச் சந்தேகம் இல்லை; சொந்த மெட்டுகளால் ஒரு தலைமுறையின் செவியையே மாற்றியவர் அவர். இந்த ஒரு பாட்டில், பழைய பாட்டு சொல்லாத எதையும் புதிய பாட்டு சொல்லவில்லை என்பதே என் துயரம். அதே ஆண்டில் வந்த ‘பில்லா’வில் யுவன் சங்கர் ராஜா, 1980-இல் விஸ்வநாதன் இசையில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘மை நேம் இஸ் பில்லா’வை மீண்டும் கொண்டுவந்ததை நான் அப்படிச் சொல்ல மாட்டேன், கதையே மறுபடி சொல்லப்படுகிற படத்தில், பாட்டும் மறுபடி பாடப்படுவதற்கு நியாயமான ஓர் இடம் இருந்தது.

இனி, நம் மொழியில் நிகழ்ந்த மிகச் சிறந்த மறுபாடல் எது என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றி ‘சிந்து பைரவி’யைத்தான் காட்டுவேன். 1985-இல் கே. பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தில், கேட்கிறவர்களுக்கு விளங்காத மொழியிலேயே பாடிக்கொண்டிருக்கும் வித்வானை ஒரு பெண் சபையிலே கேள்வி கேட்கிறாள். கேட்டதோடு நில்லாமல் பாடவும் தொடங்குகிறாள். வைரமுத்து எழுதிய, படிப்பறியாத பெண்ணொருத்தியின் நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்குவது, யாரும் எதிர்பாராத ஒரு திருப்பத்தில் தியாகராஜருடைய ‘மரி மரி நின்னே’ கிருதிக்குள் போய்ச் சேர்கிறது. அந்தக் கிருதி சம்பிரதாயத்தில் காம்போஜி ராகத்தில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்றினார். காம்போஜியின் விஸ்தாரமான ராஜ நடைக்குப் பதிலாக, சாரமதியின் இரங்கி இறைஞ்சும் குரல் அந்தக் கிருதிக்கு வந்தது. தியாகராஜருடைய ராகத்தில் கைவைக்க இவர் யார் என்று அப்போது ஆட்சேபித்தவர்கள் உண்டு. அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த மாற்றத்துக்கு எவ்வளவு ஆழமான காரணம் இருந்தது என்பதை அவர்கள் நின்று கேட்டிருக்க வேண்டும். ‘பாடறியேன்’ என்னும் நாட்டுப்புற வரிகளும் தெய்வ சங்கீதமென்று போற்றப்படும் கிருதியும் ஒரே ராகத்தில் பிறந்த உடன்பிறப்புகள் என்பதை வாதத்தால் நிறுவியிருந்தால், அது பத்திரிகைத் தர்க்கமாக முடிந்திருக்கும், கே.எஸ். சித்ராவின் குரல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடமே தெரியாமல் கடந்தபோது, கேட்டவர்களின் நெஞ்சம் அதைத் தானாகவே ஒப்புக்கொண்டது. அந்தப் படத்துக்காக இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. இன்றும் மூலக் கிருதி காம்போஜியில் கச்சேரி மேடைகளில் குறைவின்றிப் பாடப்படுகிறது. சாரமதி வடிவம் அதற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை.

எதிர்த் திசையிலும் பயணம் உண்டு. பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ தண்டபாணி தேசிகர் அமைத்த தேஷ் மெட்டில், 1951-இல் வந்த ‘ஓர் இரவு’ படத்தின் வழியே நாடெங்கும் பரவியது; பிறகு கச்சேரியின் பிற்பகுதியில் துக்கடாவாக ஏறி, வித்வான் மாறினாலும் மெட்டு மாறாமல், அதனுள் அவரவர் மனோதர்மத்துக்கு ஏற்பப் பாடப்பட்டு வருகிறது. மெட்டை மாற்றியும் சிறக்கலாம், மாற்றாமலும் சிறக்கலாம் என்பதற்கு இவ்விரண்டும் சாட்சி.

கடல் கடந்த நாடுகளிலும் இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. அமெரிக்காவில் ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ என்னும் பாட்டு, உழைத்துக் களைத்து வீடு திரும்பும் கணவன் மனைவியிடம் தனக்குரிய மரியாதையைக் கேட்பது. 1967-இல் அரீதா ஃபிராங்க்ளின் என்னும் கறுப்பினப் பெண், அப்போது இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவர், தம் சகோதரிகளைப் பின்பாட்டுக்கு வைத்துக்கொண்டு அதே பாட்டைப் பாடினார். பாடுகிறவள் பெண்ணானதும் பொருள் தலைகீழாகத் திரும்பி, பெண் தன் மரியாதையைக் கேட்கும் பாட்டாயிற்று. அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரித்துக் கேட்கும் பகுதி அவர் சேர்த்ததே. அது இசைப் பட்டியலில் முதலிடம் பெற்று, பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் உரிமைக் குரலாக நின்றது. அந்தப் பெண் தம் பாட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ரெடிங்கே மேடையில் சொன்னார். 1994-இல் இளைஞரான டிரென்ட் ரெஸ்னர் தம் தனிமையையும் வலியையும் எழுதிய ‘ஹர்ட்’ என்னும் பாட்டை, 2002-இல் எழுபது வயது ஜானி கேஷ், உடல் நலிந்த நிலையில், ஒரே ஒரு வசைச்சொல்லை நீக்கி அந்த இடத்தில் முள்முடியை வைத்துப் பாடினார். மற்றச் சொற்களெல்லாம் அப்படியே இருந்தும், ஒரு நீண்ட வாழ்வின் கடைசிக் கணக்காக அது மாறிப்போயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கேஷ் காலமானார். அந்தப் பாட்டு இனித் தம்முடையதன்று என்று எழுதியவரே சொன்னார்.

இதற்கு மறுபுறமும் அதே நாட்டில் இருக்கிறது. 1955-இல் லிட்டில் ரிச்சர்ட் என்னும் கறுப்பினப் பாடகர் நெருப்பாகப் பாடிய ‘டுட்டி ஃப்ரூட்டி’யை, அடுத்த ஆண்டு பாட் பூன் என்னும் வெள்ளையர் சூடு தணித்துப் பாடி வெளியிட்டார். ரிச்சர்டின் பதிவு பொதுப் பட்டியலில் 17-ஆம் இடத்தோடு நின்றது. பூனின் பதிவு 12-ஆம் இடத்துக்கு ஏறியது. கறுப்பினத்தவர் பாடினால் ஒலிபரப்பத் தயங்கிய வானொலி நிலையங்கள், அதே பாட்டை வெள்ளையர் பாடினால் தாராளமாக ஒலிபரப்பிய காலம் அது. மறுபாடல்களில் நான் மிகத் தாழ்ந்த ஸ்தானத்தில் வைப்பது இந்த வகையைத்தான்; சங்கீதக் குறைபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், உரியவனுக்குச் சேர வேண்டிய புகழையும் பொருளையும் திசை திருப்புவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

நம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் வளரும் இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தை எஸ். ஜானகியின் பாட்டை, அவர் மூச்சு வாங்கும் இடம்கூடத் தவறாமல் பாடி முடித்ததும், அப்படியே இருந்தது என்று நடுவர்கள் எழுந்து நின்று மெச்சுகிறார்கள். மெல்லிசைக் குழுக்கள் அச்சுப் பிசகாமல் பாடியதற்கு ஒரு தேவை இருந்தது. ஒலிநாடா வீடு தேடி வராத காலத்தில், கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்களே. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இன்று மூலப் பதிவே ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இக்காலத்துக் குழந்தைக்கு அச்செடுக்கும் வித்தையை மட்டுமே கற்பித்துப் பரிசளித்தால், அதன் சொந்தக் குரல் எப்போது வெளிப்படும்?

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதும் ரசிகர்கள் அறிய வேண்டியதே. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, முதற்பதிவு உண்டான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகு, உரிமையாளருக்கு முன்கூட்டி அறிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையைச் செலுத்தி, எவரும் மறுபதிவு செய்யலாம். மூலப் பதிவே என்று மயங்கும்படி அதை வெளியிடலாகாது. உரிமையாளரின் சம்மதமின்றிச் சாகித்தியத்தையும் மெட்டையும், தொழில்நுட்பத் தேவைக்காக அன்றி, மாற்றலாகாது. ஆக்கியோனைக் காப்பதற்கு இப்படியொரு வேலி வேண்டியதுதான். ஆனால் வேலியே இல்லாத நிலமும் நமக்கு வாய்த்திருக்கிறது. பாரதியார் பாடல்களின் இசைப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுக்க, 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. 1982-இல் ‘ஏழாவது மனிதன்’ படத்தில் எல். வைத்தியநாதன் பாரதி பாடல்களுக்குப் புதிய மெட்டுகள் அமைத்தார்; அவற்றுள் கே.ஜே. யேசுதாஸ் பாடிய ‘காக்கைச் சிறகினிலே’ மேடையிலும் வீட்டிலும் ஒருசேர இடம் பெற்றுவிட்டது. ஒரே பாரதி பாட்டுக்கு மூன்று நான்கு மெட்டுகள் வழங்குவது நம் மொழியின் பாக்கியம்.

ஆகவே, பழைய பாட்டைத் தொடாதீர்கள் என்று நான் எவரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பண்பலை வானொலியில் பாட்டை அறிவிப்பவர்கள், யூடியூபில் கவர் பாட்டு வெளியிடும் இளைஞர்கள், தொலைக்காட்சிப் போட்டிகளை நடத்துகிறவர்கள் ஆகிய மூவரும், ஒவ்வொரு மறுபாடலின் தொடக்கத்திலும் அதை எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் பெயர்களையும் அது வெளிவந்த ஆண்டையும் தவறாமல் சொல்ல வேண்டும். அதற்கு அரை நிமிஷம் போதும். வாசகர்களாகிய நீங்களும், புதிய பாட்டு ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தால் அவர்களைக் கடிந்துகொள்ளாமல், அன்று மாலையே பழைய பாட்டையும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை முழுவதும் கேளுங்கள். எது சிறந்தது என்பதை அவர்களே சொல்லட்டும்.