கிண்ணத்தில் சாகவில்லை என்றால் பாதுகாப்பானதா?

பீரோவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்துருண்டை வாசனை நம்மில் பலருக்குப் பாட்டி வீட்டு ஞாபகம். வேதியியலில் அதன் பெயர் நாப்தலீன். சுண்டெலிகளை இரண்டு ஆண்டுகள் அந்த ஆவியைச் சுவாசிக்க வைத்த சோதனையின் அறிக்கையை 1992இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்டது. பெண் சுண்டெலிகளின் நுரையீரலில் கட்டிகள் கூடியிருந்தன. 2000இல் பெரிய எலிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. அங்கே கட்டிகள் மூக்கில். 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை நாப்தலீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் (2பி) சேர்த்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. “எலிக்கு வந்தா மனுஷனுக்கும் வரணும்னு என்ன சட்டம்?” என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி.

அது நியாயமான கேள்விதான். நுரையீரல் சும்மா ஒரு காற்றுப் பை இல்லை, உள்ளே அடுப்பு எரிகிறது. வருகிற வேதிப்பொருளைக் கரைத்து வெளியே தள்ள வசதியாக, சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகள் அதன்மேல் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. நாப்தலீன்மேல் அப்படி ஏற்றும்போது உருவாகும் எபாக்சைடுதான் வில்லன். அதைச் சமாளிக்கும் குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோனால், அது செல்லின் சொந்தப் புரதங்களிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது, செல் சாகிறது. அதாவது நஞ்சு வெளியிலிருந்து வரவில்லை; நுரையீரலே சமைத்தது. சுண்டெலியின் மூச்சுக்கிளைகளில் இந்தச் சமையலை வேகமாகச் செய்யும் கிளப் செல்கள் ஏராளம். மனித நுரையீரலில் அந்த வேகம் மிகக் குறைவு.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுண்டெலி மிகைப்படுத்தும் என்று சொல்பவர்கள், எலி மூடி மறைக்கவும் செய்யும் என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலை ஒன்றில் வேலை பார்த்த 8 பேரின் நுரையீரல் நோய் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. நுண்ணிய மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் நோய் அது, வந்தால் திரும்பாது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டைஅசிட்டைல்மேல் சந்தேகம் விழுந்தது. சாப்பிடப் பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்ட பொருள். அதைச் சூடாக்கி நாள் முழுக்கச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. எலியிடம் கேட்டிருந்தாலும் பாதி பதில்தான் கிடைத்திருக்கும். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நீரில் கரையும் டைஅசிட்டைலில் பெரும்பகுதி அதன் மூக்கின் ஈரத்திலேயே தங்கிவிடும். வேலைக் களைப்பில் வாயால் மூச்சு வாங்கும் தொழிலாளிக்கு அந்த வடிகட்டி கிடையாது.

ஆகவே மனிதச் செல்களிடமே கேட்போம் என்கிறார்கள். நல்ல யோசனை. அறுவைச் சிகிச்சையில் அகற்றிய திசுவிலிருந்தோ, தானமாகக் கிடைத்தும் மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்படாத நுரையீரலிலிருந்தோ மூச்சுப்பாதைச் செல்களை எடுத்து, நுண்துளைகள் கொண்ட சவ்வில் பரப்புகிறார்கள். கீழே ஊட்டக் கரைசல், மேலே வெறும் காற்று. ஏறக்குறைய 4 வாரங்களில் அது மூச்சுக்குழாயின் உள்சுவராகவே முதிர்கிறது. சளி சுரக்கிறது. நுண்ணிழைகள் அடித்து அடித்து அந்தச் சளியைத் தள்ளுகின்றன. அதன்மேல் ஆவியைச் செலுத்தி, எதைச் சமைக்கிறது, எந்த அளவில் சாகிறது என்று அளக்கலாம். எத்தனையோ விலங்குகள் பிழைக்கும். இதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை அடுத்த படியோடு. குளோரோதலோனில் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு, எலிகளை 90 நாட்கள் சுவாசிக்க வைக்கும் சோதனைக்குப் பதிலாக இத்தகைய செல் அடுக்கின் முடிவைக் கொண்டு ஆபத்தைக் கணக்கிடலாம் என்று சின்ஜெண்டா முன்வைத்த வழிமுறையை, 2018 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிபுணர் குழு விவாதித்தது. செல்கள் மருந்தைச் சந்தித்தது 24 மணி நேரம். மருந்தடிப்பவர் வருஷா வருஷம் சந்திக்கிறார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். “என் மெஷின்ல ஓடுதே” என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் எங்கள் தொழிலில் கிடையாது. தனித் துண்டு ஒன்றைச் சோதித்துப் பிழை கண்டால், அந்தப் பிழை உண்மை. பிழை காணவில்லை என்றால், அந்தச் சோதனை பிழையைக் காணவில்லை, அவ்வளவுதான். செல் அடுக்கும் அப்படித்தான். அதில் ரத்த ஓட்டம் இல்லை, கல்லீரல் இல்லை. நோயெதிர்ப்புச் செல்களைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. பாப்கார்ன் தொழிலாளிகளைக் கொன்றதோ மெதுவாக ஏறிய தழும்பு. அது ஒரு நாளில் தெரியாது. ஆய்வகத்தில் நிரந்தரமாகப் பெருக்கப்படும் செல்வகைகள் பலவற்றில் பி450 நொதிகள் மங்கிவிடுகின்றன. அடுப்பே எரியாத சமையலறையில் புகை வரவில்லை என்று சான்றிதழ் கொடுத்தால் எப்படி?

“அப்படியானால் எந்தப் பொருளையும் பாதுகாப்பானது என்று சொல்லவே முடியாதே” என்பார்கள். சொல்லலாம், ஆனால் விலை கொடுத்துச் சொல்ல வேண்டும். அந்தச் செல்களில் நொதிகள் வேலை செய்கின்றனவா என்று முதலில் அளந்து காட்டுங்கள். ஒரே தரம் கொடுக்காமல் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஆரோக்கியமான சிலரின் செல்களோடு நிறுத்தாமல் ஆஸ்துமாக்காரர், புகைப்பவர், விறகடுப்பு முன்னால் வாழ்ந்தவர் செல்களையும் கொண்டுவாருங்கள். முடிவுகள் மொத்தத்தையும் பொதுவில் வையுங்கள். இந்தியாவும் 2023இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி இத்தகைய முறைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. நாளை மற்ற வேதிப்பொருள்களுக்கும் திறக்கலாம். நிபந்தனைகளை இப்போதே எழுதிக்கொள்வது நல்லது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மிசூரியில் ஆபத்தைக் கண்டுபிடித்தது எலியும் இல்லை, கிண்ணமும் இல்லை. மூச்சு வாங்க முடியாமல் போன தொழிலாளர்களும், அவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு மருத்துவரும்தான். கிண்ணம் ‘பிரச்சினையில்லை’ என்று சொன்ன பிறகும், அந்தப் பொருளோடு வேலை செய்பவர்களை வருஷம் ஒருமுறை குழாயில் ஊதவைத்துப் பாருங்கள். அதற்குச் செலவாகும் என்று முனகும் நிறுவனத்துக்குத் தன் செல் சோதனைமேலேயே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.